வால்வண்டியும் வாலுள்ளவர்களும்

ஊர் ஊராகப் போய் மருந்து கொடுக்கிற உத்தியோகத்தில் காலராவுக்கு ஊசி உண்டு, மலேரியாவுக்குக் கொயினா உண்டு, எலிக்குத்தான் ஒன்றும் கிடையாது.

இதைப் படிக்கிற உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். உங்கள் வீட்டு அரிசிப் பானையையும் எலி உருட்டியிருக்கும். கல்யாணப் பட்டுப்புடவையில் முந்தானை வருகிற இடமாகப் பார்த்துப் பல் வைத்திருக்கும். ஒரே வித்தியாசம், உங்கள் வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. என் வீட்டுக்குச் சக்கரம் இருந்தது.

யுத்தத்துக்கு முந்தின வருஷம். திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். பெயர் வேண்டாம், எலிகளுக்குத் தெரிந்தால் போதும். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அவர்கள் ஊருக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு மர அறையைச் சக்கரத்தின் மேல் கட்டி, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும்படி செய்திருந்தார்கள். கூரை தகரம், சுவர் பலகை. உள்ளே நோயாளியைப் படுக்க வைக்க ஒரு பெஞ்சு, அதன் அடியில் சாமான் வைக்கிற அறை, மருந்து அலமாரி, ஸ்டவ், மடக்குக் கட்டில் இரண்டு. டாக்டரம்மாவும் நானும் அதிலேயே குடியிருப்பு. டிரைவர் முனுசாமிக்குக் கார்தான் வீடு. கிளியனூர், மயிலம், கண்டமங்கலம், விழுப்புரம் என்று மூன்று மூன்று நாள் தங்கிவிட்டுத் திண்டிவனம் திரும்புவோம். காருக்கு வால் முளைத்த மாதிரி இருந்ததால் ஜனங்கள் அதற்கு வால்வண்டி என்று பெயர் வைத்தார்கள்.

பஞ்சு போன இடம்

முதல் மாதம் கிளியனூரில் பஞ்சு குறைய ஆரம்பித்தது. திங்கட்கிழமை புதுச் சுருளைப் பிரித்தால் புதன்கிழமை பாதிதான் மிச்சம். டாக்டரம்மா அதிகம் பேசமாட்டார். சுருளைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், "ம்" என்பார். அவ்வளவுதான். ஆறு வருஷம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் நான். விரல் அளவு பஞ்சை மூன்றாகப் பிய்த்து மூன்று புண் துடைக்கிறவள். அந்த "ம்" எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் முதல் ஒவ்வொரு கிள்ளு எடுக்கும்போதும் "அம்மா, இவ்வளவுதான் எடுக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று உயர்த்திக் காட்டிவிட்டு எடுத்தேன். அதற்கும் "ம்" தான் கிடைத்தது.

நாலாம் நாள் காலை முனுசாமி ஜாக்கி எடுக்க வந்து, பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். "நர்சம்மா, இங்க கொஞ்சம் வாங்க. கத்தாதீங்க" என்றார். கத்தாதே என்று சொன்னால் எனக்குக் கத்தத்தான் வரும். கத்தினேன். ஜாக்கிக்குப் பின்னால் எங்கள் பஞ்சு முழுவதும் வட்டமான மெத்தையாக விரிந்திருந்தது. மேலே பாண்டேஜ் துணி, நூல் நூலாகப் பிரித்துப் பரப்பியிருந்தது. நடுவில் கண் திறக்காத எட்டுக் குஞ்சுகள், ரோஜா நிறத்தில் நெளிந்துகொண்டிருந்தன. நானே போட்டிருந்தாலும் படுக்கை அவ்வளவு நேர்த்தியாக அமைந்திருக்காது.

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். என்மேல் சந்தேகப்பட்டதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்வார் என்று கைகட்டிக் காத்திருந்தேன். அவர் நிமிர்ந்து சொன்னது இதுதான்: "எல்லாம் சுத்தமா இருக்கு. பிரசவம் யார் பார்த்தது?"

ஓட்டை வைத்தியம்

ஓட்டை இருந்தால் எலி வரும், ஓட்டையை அடைத்தால் எலி வராது என்பது முனுசாமியின் கட்சி. மறுக்க முடியாத கட்சி. ஆனால் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமே. அதற்கு அவரே ஒரு வழி சொன்னார். உச்சி வெயிலில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு உள்ளே இருட்டில் உட்கார வேண்டும். எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே ஓட்டை.

டாக்டரம்மாவும் நானும் உள்ளே முழங்காலிட்டுத் தவழ்ந்தோம். தண்ணீர்க் குழாய் தரையைத் துளைத்துப் போகிற இடம், சக்கரத்துக்கு மேல் பலகை வளைகிற இடம், கதவின் அடி, பலகை காய்ந்து சுருங்கிய மூலைகள், எங்கு பார்த்தாலும் நட்சத்திரம். ஒவ்வொன்றிலும் ஒரு விளக்குமாற்றுக் குச்சியைச் செருகினோம். வெளியே நீட்டிக்கொண்டு வருகிற குச்சியைப் பார்த்து முனுசாமி மண்ணெண்ணெய் டின் தகட்டை வெட்டி ஆணி அடிப்பார். தகடு உட்காராத சந்துக்குக் கண்ணாடித் தூள் கலந்த சுண்ணாம்பு. என் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டையெல்லாம் சுண்டெலிக்கு வாசல் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முப்பத்தொரு வாசல் இருந்தது.

இதற்குள் வெளியே புளியமரத்தடியில் நோயாளிகள் சேர்ந்துவிட்டார்கள். மூடிய வண்டிக்குள்ளிருந்து "இங்கே ஒண்ணு! அம்மா, உங்க காலடியிலே ரெண்டு!" என்று சத்தம். சுவரெல்லாம் முள்ளம்பன்றி மாதிரி குச்சி முளைத்துக்கொண்டிருக்கிறது. கன்னம் வீங்கித் தலையைச் சுற்றித் துணி கட்டிய ஒரு அம்மாள் முன்வரிசையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில் டாக்டரம்மா வியர்வையும் சுண்ணாம்புமாகக் கதவைத் திறந்து இறங்கியதும் அந்த அம்மாள் கன்னத்துக் கட்டை அவிழ்த்துவிட்டுச் சொன்னார்: "பல்லு புடுங்கறவங்கன்னு சொன்னாங்கோ, வந்தேன். ஓட்ட அடைக்கிறவங்கன்னு தெரிஞ்சிருந்தா ஊட்டுல ரெண்டு கொடம் கெடக்குது, எடுத்துக்கினு வந்திருப்பேனே!"

பூனைக்கு உத்தியோகம்

முப்பத்தொன்றையும் அடைத்தோம். எலிகள் முப்பத்திரண்டாவதைத் திறந்தன. அடுத்த யோசனை என்னுடையது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் சாம்பல் நிறத்தில் ஒரு கடுவன் பூனை இருந்தது. ஒரே நாளில் ஐந்து எலி பிடித்தது என்று சமையல்காரர் சத்தியம் செய்தார். அதைக் கூடையில் போட்டுக் காரில் ஏற்றினோம். விக்கிரவாண்டி வரைக்கும் கத்தியது. அதற்கப்புறம் வாந்தி எடுத்தது. என் மடியில்.

விழுப்புரத்தில் சந்தைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக் கூடையைத் திறந்தேன். பூனை மெதுவாக இறங்கியது. பெஞ்சை மோந்தது, அலமாரியை மோந்தது, மீன் எண்ணெய் பாட்டிலின் கழுத்தை ஒருமுறை நக்கியது. அலமாரியின் மேல் ஒரு எலி உட்கார்ந்து இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தது. பூனையும் அதைப் பார்த்தது. பிறகு கதவு வழியாக வெளியே போய்விட்டது. சாயங்காலம் திரும்பவில்லை. மறுநாளும் வரவில்லை. ஆஸ்பத்திரிப் பூனையைத் தொலைத்துவிட்டு எந்த முகத்தோடு சமையல்காரரைப் பார்ப்பது என்று நான் சந்தை முழுவதும் தேடினேன். மீன் விற்கிற வரிசையில், ஒரு அம்மாளின் கூடைக்குப் பக்கத்தில், பாதிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இது எங்க பூனைம்மா" என்றேன்.

"உங்களுதா? நேத்து காலைல வந்துச்சு. நல்ல மாதிரியா இருந்துச்சு, வேலைக்கி வச்சிக்கினேன். மீன் தலை போடறேன். நீங்க என்னா போடுவீங்க?"

"எலி இருக்கு. பிடிச்சுச் சாப்பிடச் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தோம்."

அந்த அம்மாள் விசிறியால் ஈயை ஓட்டிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "தானே புடிச்சித் தானே துன்னணும்னா, அதுக்கு நடுவுல நீங்க எதுக்கும்மா?"

எல்லை தாண்டிய எலி

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் ராஜ்யம், கொஞ்ச தூரம் பிரெஞ்சுக்காரன் ராஜ்யம், மறுபடியும் இங்கிலீஷ்காரன். எல்லைக்கு எல்லை சாவடி. கள்ளச் சரக்கு போகிறதா என்று வண்டியைச் சோதிப்பார்கள். எங்களை எல்லாருக்கும் தெரியும், கையைக் காட்டி விட்டுவிடுவார்கள். ஒருநாள் புதிதாக வந்த சேவகர் ஒருவர் நிறுத்தினார். மீசையும் சட்டைப் பித்தானும் ஒரே மாதிரி பளபளவென்று இருந்தன.

அலமாரியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். பெஞ்சைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். அடியில் இருந்த மாவு டின்னைக் காட்டி, "அதுல என்னா?" என்றார். கட்டுப் போடுவதற்குப் பசை காய்ச்ச வைத்திருக்கிற மாவு என்றேன். நம்பவில்லை. காலையில் நான் உள்ளே பார்க்காமல் மூடின மூடியைத் தானே திறந்தார். உள்ளேயிருந்து உடம்பெல்லாம் மாவு பூசிய பெருச்சாளி ஒன்று பாய்ந்து, அவர் மார்பில் ஒரு கால், தோளில் ஒரு கால் வைத்துக் கீழே குதித்து ஓடியது. சாவடியில் இருந்தவர்கள் எல்லாரும் தடியெடுத்துக்கொண்டு துரத்தினார்கள். வெள்ளை வெளேரென்று அது எல்லைக் கல்லைத் தாண்டி அந்தப் பக்கத்து வேலிக்குள் போய்ப் புகுந்துகொண்டது.

சேவகர் திரும்பி வந்து சட்டையில் இருந்த மாவைத் தட்டினார். முனுசாமி சிரிப்பை அடக்க ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சேவகர் மீசையைத் தடவிக்கொண்டு, கௌரவம் குறையாமல் சொன்னார்: "அது பிரெஞ்சு எல்லைக்குள்ள பூந்துடுச்சுங்க. அங்க நம்ம அதிகாரம் செல்லாது. இல்லாங்காட்டி விட்டிருக்க மாட்டேன்."

பொறியும் சாட்சியும்

விஷம் வைக்கலாம் என்று சொல்லாத ஆள் இல்லை. டாக்டரம்மா ஒரே பதிலில் முடித்துவிட்டார். "குழந்தைங்க தவழ்ற இடம்." ஆகவே பொறி. மரப்பலகையில் கம்பிச் சுருள் வைத்து அடிக்கிற பொறி. அதில் மசால்வடைத் துண்டைக் குத்திப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு, வைத்ததை மறந்தும் போனேன்.

அன்று கண்டமங்கலம் பக்கத்தில் காணி வைத்திருக்கிற ஒரு பெரியவரை இரண்டு பேர் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வலது காலைத் தரையில் ஊன்றவே முடியவில்லையாம். விழுப்புரம் கோர்ட்டில் மறுநாள் சாட்சி சொல்ல வேண்டுமாம். வர முடியாது என்று ஒரு சர்ட்டிபிகேட் வேண்டும். வழக்கு பெரியவருடைய மைத்துனருக்கும் பங்காளிக்கும் நடுவில். எந்தப் பக்கம் சொன்னாலும் வீட்டில் சோறு கிடைக்காது என்று கூட வந்தவர் என் காதில் சொன்னார். எனக்கே பாவமாக இருந்தது. டாக்டரம்மா அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து முட்டியை அமுக்கினார். "அய்யோ!" கணுக்காலைத் திருப்பினார். "அய்யய்யோ!" வீக்கம் இல்லை, சூடு இல்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவருக்கும் பாவமாக இருந்ததோ என்னவோ, காகிதத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

சரியாக அந்த நேரம் பெஞ்சுக்கு அடியில் 'படீர்' என்று பொறி விழுந்தது. பெரியவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்பி, மூன்று படியையும் ஒரே தாண்டாகத் தாண்டி, வெளியே வேப்பமரம் வரைக்கும் ஓடி நின்றார். வலது கால்தான் முதலில் தரையைத் தொட்டது. தூக்கி வந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மா பேனாவை மூடினார். பெரியவர் மெல்லத் திரும்பி வந்தார். இந்தமுறை இடது காலை நொண்டிக்கொண்டு. பாதி வழியில் அவருக்கே தெரிந்துவிட்டது, நேராக நடந்து வந்து கும்பிட்டார். "உங்களுது ராசியான கைங்க டாக்டரம்மா, ஒத்துக்கறேன். ஆனா இவ்ளோ ஜல்தியா கொணமாவணும்னு நான் கேக்கலையே!"

பெட்ரோல் வாசனை

யுத்தம் மூன்றாம் வருஷத்துக்கு வந்தபோது பெட்ரோலுக்கு ரேஷன். கார் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் நின்றுவிட்டது. வால்வண்டியை வாடகை மாடு இரண்டு இழுத்தன. வண்டிக்காரர் மாட்டை ஓட்ட, முனுசாமி பக்கத்தில் நடந்து வருவார். யாராவது கேட்டால் "நான் டிரைவரு, மாடுங்க சும்மா தொணைக்கு" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் எலி ஸ்டெதாஸ்கோப்பைக் கடித்தது. ஆணியில் மாட்டியிருந்தேன். காலையில் பார்த்தால் ரப்பர் குழாய் நாலு துண்டு. விழுப்புரத்தில் கேட்டோம், புதுச்சேரியில் கேட்டோம், மதராஸுக்கு எழுதிப் போட்டோம். ரப்பர் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது என்றே பதில் வந்தது. டாக்டரம்மா நோயாளியின் மார்பில் ஒரு துண்டை விரித்துக் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தார். வயதான அம்மாள்களுக்கு அது பிடித்திருந்தது. பெற்ற பெண் சாய்ந்துகொண்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லி, கேட்டு முடித்த பிறகும் தலையை விடமாட்டார்கள். ஆனால் மயிலத்தில் ஒரு கைக்குழந்தை இழுத்து இழுத்து மூச்சு விட்டது. டாக்டரம்மா காதை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். குழந்தை அழுகிற சத்தத்தில் உள்ளே கேட்பது பிடிபடவில்லை. சளி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று தெரியாமல் மருந்து கொடுத்துவிட்டு அவர் கை கழுவின விதத்தைப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் எலியை நினைத்து அவர் பயந்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

முனுசாமி அன்றைக்கே ரயிலேறித் திண்டிவனம் போனார். மறுநாள் காலை வந்து ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். கார்க் கண்ணாடியில் மழைத்தண்ணீர் துடைக்கிற கையை ஆட்டுவதற்கு ஒரு ரப்பர் குழாய் இருக்குமே, அது. தன் நரம்பையே உருவிக் கொடுப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, "மழை வந்தா கையால தொடச்சிக்கறேன்" என்றார். பொருத்தினோம், பொருந்தியது. முதல் காரியமாக அந்தக் குழந்தையின் மார்பில் வைத்துக் கேட்டார் டாக்டரம்மா. இரண்டு பக்கமும் கேட்டார். "சளி இறங்குது" என்று சொல்லிச் சிரித்தார். குழந்தையின் தாய் அழுதுவிட்டாள், நானும்தான். குழாயை எத்தனை தடவை கழுவினாலும் வாசனை மட்டும் போகவில்லை. அடுத்தபடி பெஞ்சில் படுத்தவர் வேர்க்கடலைத் தரகர், எங்கள் பக்கத்தில் மல்லாட்டைத் தரகர் என்போம். மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டாக்டரம்மா, என் நெஞ்சுல பெட்ரோலு கீதான்னு பாக்கறீங்களா? இருந்தா மெதுவா சொல்லுங்க, ரேஷன்காரன் காதுல வுழுந்தா பேஜாரு!"

மல்லாட்டை உருண்டை

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஊரில் உள்ள எலியையெல்லாம் குறை சொல்லிவிட்டு இதை மறைத்தால் நியாயமாக இருக்காது.

எனக்கு மல்லாட்டை உருண்டை என்றால் உயிர். அம்மா வெல்லப் பாகில் பிடித்து மாதம் ஒருமுறை கொடுத்தனுப்புவாள். எங்கே வைத்தாலும் எலி தின்றுவிடும். வண்டியில் எலி தொட முடியாத ஒரே பொருள், பிரசவத்துக்கென்று வேகவைத்து உலர்த்திய துணிகளை வைத்திருக்கிற டிரம். கனமான மூடி. ஒரு நர்ஸ் செய்யக்கூடாத காரியம் அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பொட்டலத்தை அதற்குள் வைத்தேன். இரண்டே நாள்தானே, அடுத்த பிரசவத்துக்கு முன்னால் எடுத்துவிட்டுத் துணியை மறுபடி வேகவைத்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கண்டமங்கலத்தில் காலை பத்து மணிக்கு ஒரு அம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தார். அவர் மருமகள் அஞ்சலைக்கு முந்தின நாளிலிருந்து வலி. குழந்தை வரவில்லை. கூலி வேலை செய்கிற குடும்பம், வயல் ஓரத்தில் குடிசை. பையையும் டிரம்மையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே போய் மூடியில் கை வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மூடி சரியாக உட்காரவில்லை. உள்ளே துணி முழுவதும் கந்தல், நடுவில் எலிப் புழுக்கை. உருண்டை ஒன்றுகூட இல்லை. டாக்டரம்மா டிரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ம்" சொல்லவில்லை.

"பழைய மெல்லிசுத் துணி வேணும்" என்றார். மாமியாருக்குக் கட்டியிருந்தது போக ஒரே ஒரு புடவைதான் இருந்தது. யோசிக்கவேயில்லை, எடுத்து வந்து தன் கையாலேயே கிழித்துக் கொடுத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் பானையும் விறகும் கொண்டுவந்தார்கள். "கொதி வந்த பிறகு இருபது நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்து எடு. அதுக்கு முன்னாடி கூடாது" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே போனார். அடுப்புக்கு முன் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தேன். உள்ளே அஞ்சலை அலறிக்கொண்டிருந்தாள். பத்தாவது நிமிஷம் அலறல் நின்றது. அதுதான் பொறுக்க முடியவில்லை. எழுந்து ஓடலாம் போல இருந்தது, கொதிக்கிற பானையை விட்டு ஓட முடியாது. இருபதாவது நிமிஷம் துணியைப் பிழிந்துகொண்டு உள்ளே போனபோது டாக்டரம்மாவின் நெற்றியெல்லாம் வியர்வை. குழந்தை குறுக்கே கிடந்திருக்கிறது. வலிக்கு வலி இடைவெளி பார்த்து வயிற்றின் மேல் கை வைத்தே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியிருக்கிறார். அரைமணி கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. நீலமாக, சத்தமில்லாமல். பாட்டியின் புடவைக் கிழிசலால் வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, இன்னும் தேய்த்து, கடைசியில் அது வீறிட்டதும் வெளியே நின்ற மாமியார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அஞ்சலைக்குக் காய்ச்சல் கண்டுவிடுமோ என்று விழுப்புரம் போவதைத் தள்ளிவைத்து மேலும் மூன்று நாள் தங்கினோம். காய்ச்சல் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் டாக்டரம்மாவின் முன் போய் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலையை விட்டு அனுப்பினாலும் சரி என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும். முந்தின நாள் அதிலேர்ந்து ரெண்டு உருண்டை எடுத்துத் தின்னது நான்தான். மூடியைச் சரியா மூடாதது நீயா, நானான்னு மூணு நாளா யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

வண்டி நின்ற இடம்

இனி விளையாட்டு வேண்டாம் என்று தீர்மானித்தோம். திண்டிவனத்துப் பக்கத்தில் வயல் எலி பிடிப்பதில் கைதேர்ந்த இருளர் தம்பதியை முனுசாமி மயிலத்துக்கு அழைத்து வந்தார். மனைவி பெயர் கன்னியம்மா. பேச்சு முழுவதும் அவருடையது, தோண்டுகிற வேலை கணவருடையது. இரண்டு பேரும் வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்தார்கள். வண்டியைப் பார்க்கவேயில்லை, தரையைத்தான் பார்த்தார்கள். கன்னியம்மா ஒரு இடத்தில் உட்கார்ந்து மண்ணில் உள்ளங்கையை வைத்தார். "இங்க" என்றார். கணவர் தோண்டினார். இன்னொரு இடத்தில் சட்டியில் புகை போட்டு வளைக்குள் ஊதினார். பிறகு நடந்ததை நான் கட்டிலின் மேல் நின்றுதான் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

வளைக்குள்ளிருந்து எங்கள் சாமான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பஞ்சு, பாண்டேஜ், தெர்மாமீட்டர் உறையின் மூடி, இரண்டு படி மல்லாட்டை, என் நீல ரிப்பன், டாக்டரம்மா காணோம் காணோம் என்று தேடிய கண்ணாடி துடைக்கிற தோல். டாக்டரம்மா தன் தோலை எடுத்துக்கொண்டு மல்லாட்டையை அவர்களிடமே விட்டுவிட்டார். தேநீர் போட்டுக் கொடுத்தோம். "இத்தனை ஓட்டையை அடைச்சோம். இருந்தும் எங்க வண்டிக்கே ஏன் வருது?" என்று டாக்டரம்மா கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கன்னியம்மா சுற்றும் முற்றும் காட்டினார். ஒரு பக்கம் வைக்கோல்போர், ஒரு பக்கம் மல்லாட்டை காயப்போடுகிற களம், நடுவில் நல்ல மரநிழலில் எங்கள் வண்டி. எல்லா ஊரிலும் அப்படித்தான் இடம் பார்த்து நிறுத்துவோம். "எலி உங்க வண்டிக்கி வரலம்மா. அதுங்க ஊட்டு மேல நீங்க வண்டிய கொண்டாந்து நிறுத்திக்கினு, ஏன் வந்தன்னு அதுங்களையே கேட்டுக்கினு இருக்கீங்க."

அலுத்துப் போனவர்கள்

அதற்குப் பிறகு களம், போர், மரம் எதுவும் இல்லாத பொட்டலில்தான் நிறுத்தினோம். சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தாங்குகிற முட்டுக்கால் ஒவ்வொன்றுக்கும் டின் தகட்டைப் புனல் மாதிரி கவிழ்த்து மாட்டினோம். நோயாளி இல்லாத நேரம் படியை எடுத்து உள்ளே வைத்துவிடுவோம். தின்பண்டம் எல்லாம் மூடிபோட்ட டின்னில், கம்பியில் தொங்கும். துணி டிரம்மில் துணியைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. வெயிலில் நாங்கள் வெந்தோம், உட்கார நிழல் இல்லையென்று ஜனங்கள் திட்டினார்கள். ஆனால் எட்டு மாதம் ஒரு எலியைக்கூடப் பார்க்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எட்டாவது மாதம் டயர் தேய்ந்துபோயிற்று. புது டயர் எங்கும் கிடைக்கவில்லை. வால்வண்டியை ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் பின்னால் செங்கல் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு என்னை மறுபடி வார்டுக்கு மாற்றினார்கள். ஒரு மாதம் கழித்து மடக்குக் கட்டில் எடுக்க முனுசாமியோடு போய்க் கதவைத் திறந்தேன். பெஞ்சின் மேல், தலைமாட்டில், வைக்கோலும் காகிதமுமாக ஒரு பெரிய குடும்பம். நான் விளக்குமாற்றைத் தேடினேன். முனுசாமி என் கையைத் தடுத்துக் கதவை மெதுவாகச் சாத்தினார். "போவட்டும் வுடுங்க நர்சம்மா. நம்ம கூட ஊர் ஊரா சுத்தி அதுங்களும் அலுத்துப் போயிருக்கும்."

எலியை வெளியே நிறுத்துவது எப்படி என்று கேட்டுக்கொண்டு இன்றும் அக்கம்பக்கத்தார் என் வீட்டுக்கு வருகிறார்கள், நானும் ஒன்று விடாமல் சொல்லி அனுப்புகிறேன், எங்கள் பரணில் இருப்பவற்றின் காதில் விழாதபடி கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டு.